பாட்டி ஏன் எல்லா டின்னிலும் ஆணியால் ஓட்டை போட்டார்? மலாயா அவசரகாலம் பற்றி ஒரு கேள்வி

பேராக் பேத்தி:

வணக்கம். 2020 மார்ச்சில் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வருகிறது என்று தெரிந்ததும் அப்பா மூன்று கடை ஏறி இறங்கி பன்னிரண்டு சார்டின் டின் வாங்கி வந்தார். மறுநாள் காலையில் அடுப்படிக்குப் போனால் மேசையெல்லாம் தக்காளிச் சாறு. பன்னிரண்டு டின்னிலும் ஓட்டை. பாட்டி சுத்தியலும் ஆணியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்கு 83 வயது. மறதி வர ஆரம்பித்திருந்த நேரம்.

அப்பா சத்தம் போட்டுவிட்டார். பாட்டி பதறவே இல்லை. "ஓட்டை போடாத டின்னு வூட்டுல இருந்தா புடிச்சிக்கிட்டுப் போயிருவான்" என்றார். யார் பாட்டி பிடிப்பான் என்று கேட்டேன். "ரெண்டு பேருந்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறதியில் செய்தது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்ததாகச் சொல்கிறார். டின் வாங்கினால் உடனே ஓட்டை போட்டு அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். நாளைக்கு என்று ஒரு டின் அலமாரியில் இருக்கக் கூடாது. இன்னொரு பழக்கமும் உண்டு. நாங்கள் எங்கே பயணம் போனாலும் சோறு கட்டிக்கொண்டு போக விடமாட்டார். பசித்தால் போகிற இடத்தில் வாங்கிச் சாப்பிடு என்பார். சிக்கனமான பாட்டி, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் காசு பார்க்க மாட்டார்.

2022இல் பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார். கோலகங்சார் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்து, 1953இல் 16 வயதில் கல்யாணமாகி வேறு தோட்டத்துக்கு வந்தவர். அந்தக் கால அளவை வைத்துப் பார்த்தால் அவசரகாலத்தோடு சம்பந்தம் இருக்கும் போலத் தோன்றுகிறது. பள்ளியில் நான் படித்ததெல்லாம் துரைமார் மூவர் கொல்லப்பட்டது, பிரிக்ஸ் திட்டம், டெம்ப்ளர், பாலிங் பேச்சு, அவ்வளவுதான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு வரி படித்ததாக நினைவில்லை.

டின்னில் ஓட்டை போட வேண்டும் என்று உண்மையிலேயே சட்டம் இருந்ததா? பாட்டி சொன்ன அந்த "ரெண்டு பேர்" யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் இருக்கும்போது உட்கார்ந்து கேட்காமல் விட்டது மனதை அறுக்கிறது.

காஜாங் வாசகன்:

சட்டம் இருந்தது. உணவுக் கட்டுப்பாடு அமலில் இருந்த பகுதிகளில் கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின் சீக்கிரம் கெட்டுவிடும், காட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்து வைக்க முடியாது. அதுதான் கணக்கு.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் காட்டுப் படைக்கு ஆயுதம் கொடுத்ததும் கூட நின்றதும் பிரிட்டிஷ்காரர்கள்தான். போர் முடிந்ததும், பின்னால் அந்தக் கட்சியின் தலைவரான சின் பெங்குக்கு ஓபிஇ என்ற பிரிட்டிஷ் பட்டமே கொடுத்தார்கள். சில ஆண்டுக்குள் அந்தக் கட்சி பிரிட்டிஷ்காரர்களையே எதிர்த்துப் போராட, அதே ஆளைப் பிடித்துக் கொடுத்தால் வெகுமதி என்று அறிவித்தார்கள். அது பின்னால் 2,50,000 வெள்ளி (மலாயா டாலர்) வரை ஏறியது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் ஒரே காலையில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம்.

1948இல் பெர்லின் முற்றுகை, 1949இல் சீனாவில் மாவோ வெற்றி, 1950இல் கொரியப் போர். இந்த வரிசையில்தான் மலாயாவையும் லண்டன் பார்த்தது. போரில் கடனாளியாகிப் போன பிரிட்டனுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்தவை மலாயாவின் ரப்பரும் ஈயமும். விட்டுவிட அவர்களுக்கு மனம் வருமா? பன்னிரண்டு ஆண்டு நடந்த போரை "போர்" என்றே சொல்லவில்லை. போர் என்று அறிவித்தால் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் லண்டன் காப்புறுதி நிறுவனங்கள் நட்ட ஈடு தராது என்பதால்தான் அவசரகாலம் என்ற பெயர் என்பார்கள்.

காட்டில் இருந்தவர்களுக்கு மாஸ்கோவிலிருந்தோ பெய்ஜிங்கிலிருந்தோ துப்பாக்கி வந்து இறங்கவில்லை. வியட்நாமில் இருந்தது போல ஆயுதம் வருவதற்கு ஒரு சீன எல்லை இங்கே கிடையாது. ஜப்பான் காலத்தில் மறைத்து வைத்தது, போலீசிடம் பிடுங்கியது, இவைதான் அவர்கள் கையில் இருந்தவை. அரிசிக்கோ காட்டோரத்தில் இருந்த மக்களைத்தான் நம்பியிருந்தார்கள். 1950இல் கெரில்லா எதிர்ப்பு நடவடிக்கைகளின் இயக்குநராக வந்த ஜெனரல் ஹாரல்ட் பிரிக்ஸ் பிடித்தது அந்த நரம்பை. காட்டோரத்தில் பயிர் செய்துகொண்டிருந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, 450க்கு மேற்பட்ட புதுக்கிராமங்களில் வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு வேறு ஏற்பாடு. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடமாகச் சேர்த்து முள்வேலி போட்டார்கள். உங்கள் பாட்டி அதற்குள் வாழ்ந்தவராக இருப்பார்.

ஓய்வு ஆசிரியர், தைப்பிங்:

மகளே, உன் பாட்டி சொன்னது சத்தியம். எனக்கு 81 வயது. 1944இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா அம்மா இரண்டு பேருக்குமே பால்வெட்டு, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. என் நினைவு தொடங்குவதே முள்வேலியிலிருந்துதான். தோட்டத்தின் பெயரை எழுத விரும்பவில்லை. அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

முதலில் அந்த "ரெண்டு பேர்". பகலில் வருபவன் ஒருவன், இரவில் வருபவன் ஒருவன். பகலில் போலீசும் பட்டாளமும். இரவில் காட்டிலிருந்து வருபவர்கள். இரவில் வந்தவன் அரிசி கேட்பான், சந்தா கேட்பான். இல்லை என்று சொன்னவன் துரோகி. கொடுத்தால் பகலில் வந்தவன் பிடித்துப் போவான். எங்கள் தோட்டத்துக் கங்காணி போலீசுக்குச் சொன்னார் என்று 1951இல் லயத்து வாசலில் வைத்துச் சுட்டார்கள். அவர் சொன்னாரோ இல்லையோ, இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர் மகனும் நானும் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தோம். ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வந்த அன்று அவனிடம் என்ன பேசுவது என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை.

ஐசி விஷயமும் அப்படித்தான். 1948இல் எல்லாருக்கும் கைரேகை, படம் எடுத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். இரவில் வந்தவர்கள் அதைப் பிடுங்கிக் கிழித்தார்கள், அரசாங்கத்தின் கணக்கில் நீங்கள் இருக்கக் கூடாது என்று. காலையில் கேட்டில் நிற்கும் காவலனிடம் அட்டை எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என் அப்பாவின் அட்டையை அம்மா வீட்டுக்குள்ளே மண்ணில் புதைத்து வைத்து, விடியும்போது எடுத்துத் துடைத்துக் கொடுப்பார். நகக்கண்ணில் எப்போதும் அந்த மண் இருக்கும்.

இப்போது சோற்றுக்கு வருகிறேன். பால்வெட்டு என்பது இருட்டு விலகும்போது தொடங்கும் வேலை. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். அந்தக் காலத்தில் விடியற்காலை வரை ஊரடங்கு, அதற்குப் பிறகுதான் கேட் திறக்கும். முன்பெல்லாம் ஆட்கள் தூக்குச் சட்டியில் பழைய சோறு கொண்டுபோய், முதல் சுற்று வெட்டு முடிந்ததும் மரத்தடியில் பசியாறுவார்கள். கட்டுப்பாடு வந்த பிறகு ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது. கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். ஆண்களைக் காவலர்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைச் சோதிக்கத் தனியாகப் பெண்களை வைத்திருந்தார்கள். பால் வாளிக்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் மதியம் வரை வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்க முடியும். என் அம்மா தங்கையை வயிற்றில் சுமந்திருந்தபோதும் இதே கதைதான்.

எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டில் ஒரு மாமா இருந்தார். சொந்தம் கிடையாது, மாமா என்று கூப்பிடுவோம். வயிற்றுப் புண் உள்ளவர். பசி பொறுக்க மாட்டார். ஒருநாள் தலைப்பாகைக்குள் வாழை இலையில் சுற்றி ஒரு பிடி சோறு வைத்துக்கொண்டு போனார். கேட்டில் பிடித்துவிட்டார்கள். என் வயிற்றுக்கு ஐயா, என் வயிற்றுக்கு என்று அவர் சட்டையைத் தூக்கிக் காட்டியதை நான் பார்த்தேன். எட்டு வயது எனக்கு. லாரியில் ஏற்றினார்கள். விசாரணை இல்லாமல் உள்ளே வைக்க அப்போது சட்டம் இடம் கொடுத்தது. சில மாதம் கழித்து அவரை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்று சேதி வந்தது. "ஊர்" என்றால் நாகப்பட்டினம். அவர் மலாயாவுக்கு வந்தது பத்து வயதில். அத்தை தாலிக்கொடியை விற்று, இரண்டு பிள்ளைகளோடு பினாங்கு போய் ரஜூலா கப்பலில் ஏறினார். அவர்கள் வளர்த்த சிவப்புச் சேவலை எங்களிடம் விட்டுப் போனார்கள். அது கிழடாகிச் சாகும்வரை அம்மா அதை அடிக்கவில்லை.

உன் பாட்டி ஏன் யாரையும் சோறு கட்டிக்கொண்டு போக விடவில்லை என்று இப்போது உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன். அந்தத் தலைமுறையில் ஒவ்வொரு தோட்டத்திலும் இப்படி ஒரு சோற்று உருண்டைக் கதை இருக்கும்.

அரிசிக்கு அளவு உண்டு, அட்டையைக் காட்டினால்தான் தருவார்கள். பட்டணத்தில் சீனர் கடையில் சார்டின் வாங்கினால் கடைக்காரர் ஆணியை வைத்து ஒரே தட்டு. அப்பா அந்த டின்னை நேராகப் பிடித்தபடி, சாறு சிந்தாமல், மூன்று மைல் நடந்து வருவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காட்டில் இருந்தவர்கள் ஆரம்ப வருடங்களில் தோட்டங்களில் கித்தா மரங்களை வெட்டிச் சிதைத்தார்கள். துரைக்கு நட்டம் வரட்டும் என்று. ஒரு காலையில் அப்பாவின் நிரையில் நாற்பது ஐம்பது மரம் பட்டை உரிந்து, பால் தரையில் வடிந்து நின்றது. ஒரு மரம் வெட்டுக்கு வர ஆறேழு வருடம் ஆகும். அப்பா அன்று அழுததை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். துரைக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஓர் எண். அப்பாவுக்கு அது கையால் தொட்டுத் தொட்டு வளர்ந்த மரம், அன்றைய கூலியும்கூட.

அதனால் இரண்டு பக்கத்தையும் புகழ்ந்து எழுதுபவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. தஞ்சோங் மாலிமில் 1952 மார்ச்சில் ஒரு தாக்குதலில் 12 பேர் இறந்ததும் பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் ஊர் முழுவதற்கும் நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசி அளவையும் குறைத்தார். பத்தாங் காலியில் 1948 டிசம்பரில் ஆயுதம் இல்லாத 24 கிராமத்தார் பட்டாளத்தின் கையில் செத்தார்கள். மறுபக்கம், பன்னிரண்டு ஆண்டில் பொதுமக்களில் 2,478 பேர் கொல்லப்பட்டதாகவும் 810 பேர் காணாமல் போனதாகவும் அரசுக் கணக்கு. கொல்லப்பட்ட கெரில்லாக்கள் ஏறத்தாழ 6,700. அந்த 2,478இல் ஒருவர் எங்கள் கங்காணி. கப்பலேறிய மாமா எந்தக் கணக்கிலும் இல்லை.

பட்டுக்கோட்டைத் தம்பி:

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. ஆனால் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். தோட்டத் தமிழர்கள் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் மட்டும்தானா? கூலி கேட்டுச் சங்கம் கட்டிய தமிழர்களும் இருந்தார்களே.

எங்கள் பக்கத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர் எஸ். ஏ. கணபதி. சிறு வயதில் மலாயாவுக்குப் போனவர், இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி கொடுத்தவர், பிறகு அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1948 ஜூனில் அந்தச் சம்மேளனத்தையே தடை செய்தார்கள். 1949 மார்ச் 1இல் ராவாங் அருகே ஒரு தோட்டத்தில் அவரைப் பிடித்தபோது கையில் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் இருந்ததாக வழக்கு. அவசரகாலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. யாரையாவது சுட்டார் என்று குற்றச்சாட்டே இல்லை. இந்திய அரசு கேட்டுக்கொண்டும் மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1946, 47இல் தோட்டங்களில் கூலி உயர்ந்ததற்கு இந்தச் சங்கங்கள் காரணம் இல்லையா? அதை நினைத்தால் கணபதியை உங்கள் "இரவில் வருபவன்" வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஓய்வு ஆசிரியர், தைப்பிங்:

தம்பி, நீங்கள் சொல்வது சரி. கணபதியை நானும் அந்த வரிசையில் வைக்கவில்லை. சங்கம் இருந்த அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அப்பா பேசும்போது அவர் குரலே மாறும். துரையின் முன்னால் தலைப்பாகையை அவிழ்க்காமல் நின்று பேசியது அப்போதுதான் என்பார். தூக்குச் சேதி வந்த இரவு எங்கள் லயத்தில் நிறைய வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். துக்கம் என்று வெளியே காட்டவும் பயம்.

சங்கத்தைத் தடை செய்தது பெரிய தவறு என்பதுதான் என் எண்ணம். கூலி கேட்க இருந்த வாசலை அடைத்துவிட்டு, காட்டுக்குப் போகிறாயா வேலிக்குள் இருக்கிறாயா என்று கேட்டால் பிள்ளைகுட்டிக்காரன் என்ன செய்வான்? 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அரசு ஒப்புதலோடு வந்தது. அதற்குள், 1950, 51இல் கொரியப் போரால் கித்தா விலை எகிறிய நல்ல காலம் போயே போய்விட்டது.

ஆனால் காட்டுக்குள் போனவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். தமிழர்கள் மிகக் குறைவு. எங்கள் தோட்டத்திலிருந்து போனது ஒரே ஒரு பையன். திரும்பி வரவில்லை. அவன் அம்மா மட்டும் விமானம் துண்டுத்தாள் போடும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பொறுக்குவார். தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் அச்சடித்து, சரணடைந்தால் மன்னிப்பு, பணம் என்று போட்டிருக்கும். சரணடைந்தவர்களின் படம் சிலதில் இருக்கும். அவருக்குப் படிக்கத் தெரியாது. படத்தை மட்டும் பார்ப்பார். நாங்கள் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவோம்.

பேராக் பேத்தி:

ஐயா, உங்கள் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று சத்தம் போட்டது அவருக்கு நினைவு வந்திருக்கும்.

இரண்டு கேள்வி. வேலி எப்போது போயிற்று? அப்புறம், பாட்டியின் தகரப் பெட்டியில் பழைய ஐசியும் அதோடு ஒரு மடித்த அட்டையும் இருக்கின்றன. அட்டையில் கட்டம் கட்டமாக முத்திரை, ஒரு மூலையில் கையெழுத்து, நடுவில் எலி கடித்திருக்கிறது. அது என்னவாக இருக்கும்?

ஓய்வு ஆசிரியர், தைப்பிங்:

அப்பாவைச் சமாதானமாக இருக்கச் சொல் மகளே. அந்தக் காலத்துப் பெரியவர்கள் இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசவே இல்லை. தெரியாமல் சத்தம் போட்டதை உன் பாட்டி மனதில் வைத்திருக்க மாட்டார்.

வேலி இடத்துக்கு இடம் வேறு. 1953 செப்டம்பரில் மலாக்காவில் ஒரு பகுதியை முதன்முதலாக வெள்ளைப் பகுதி என்று அறிவித்துக் கட்டுப்பாடுகளை நீக்கினார்கள். பேராக்கில் எங்கள் பக்கத்துக்கு அது மிகவும் தாமதமாகத்தான் வந்தது. 1955 டிசம்பரில் பாலிங் பள்ளிக்கூடத்தில் அப்போதைய முதலமைச்சர் துங்குவும் சின் பெங்கும் உட்கார்ந்து பேசிய இரண்டு நாளும் தோட்டத்து ஆபீஸ் கிராணி (எழுத்தர்) வீட்டு ரேடியோவைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். சரணடையச் சொன்னார்கள், சின் பெங் மாட்டேன் என்று காட்டுக்குத் திரும்பினார். அம்மா அன்று இரவு ஒன்றும் பேசாமல் ஐசியை எடுத்துப் பழைய இடத்தில் புதைத்தார். 1957 ஆகஸ்ட் 31இல் சுதந்திரக் கொடி ஏறியபோதும் எங்கள் கேட்டில் காவல் இருந்தது. அவசரகாலம் முடிந்தது என்று அறிவித்தது 1960 ஜூலை 31. அப்போது எனக்கு 16 வயது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அப்பா வேலைக்குப் போனதை முதல் தடவையாகப் பார்த்தேன். கேட்டைத் தாண்டும்போது பழக்கத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். சோதிக்க அங்கே யாரும் இல்லை.

உன்னிடம் இருப்பது அநேகமாக அரிசிக் கார்டு. ஒவ்வொரு கட்டமும் ஒரு தடவை வாங்கிய அரிசி. முத்திரையில் கடையின் பெயரோ தோட்டத்தின் பெயரோ இருக்கலாம். பிளாஸ்டிக் உறையில் ஒட்டிவிடாதே, பழைய தாள் பிய்ந்துவிடும். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து ஒரு புத்தகத்துக்குள் வை. பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. ஐசியின் எண் தெரியாமல் மறைத்துவிடு. கோலகங்சார் பக்கத் தோட்டங்களின் பழைய ஆட்கள் மூன்று பேர் என்னோடு தினமும் தேத்தண்ணி குடிப்பவர்கள். பெயர் படிக்க முடிந்தால், உன் பாட்டி நின்ற கேட் எது என்று அவர்களில் ஒருவராவது சொல்லிவிடுவார்.